கேட்ட விலை

கழிவறைக்குக் குழி தோண்டும்போது கிடைத்த தங்கக்காசை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்கு வந்திருந்தாள் செல்லக்கனி. பழைய நாணயம் வாங்கும் வேதரத்தினம் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார், பத்தாயிரத்துக்குக் கீழே இறங்கிவிடாதே என்று புருஷன் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தான். அவள் துணிந்து இருபதாயிரம் என்றாள். "சரிம்மா" என்றார் அவர். பேரமே பேசாமல் ஒப்புக்கொண்டது அவளுக்குச் சரியாகப் படவில்லை. "இல்லைங்க, வாய் தவறிட்டுது. அம்பதாயிரம்." "சரிம்மா." அவர் சிரித்துத் துரத்திவிட்டால் போதும் என்று, "ஒரு லட்சம்" என்றாள். அவர் சிரிக்கவில்லை. காசின் எழுத்துக்குள் அப்பியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டி, விரலில் தேய்த்துப் பார்த்தார். "ஈரமே காயலையே. மத்ததெல்லாம் எங்கம்மா?"

"இது ஒண்ணுதாங்க. மாமியார் வச்சிருந்தது."

"சரிம்மா" என்றார், அதே குரலில். விற்கவில்லை என்று அவள் கையை நீட்டியதும், மறுபேச்சில்லாமல் காசைத் திருப்பிக் கொடுத்தார். தெருவுக்கு ஓடிவந்து புருஷனுக்கு போன் போட்டாள்.

"குழியை உடனே மூடிடுங்க."

"எதுக்கு மூடணும்? நீ காசோட வர்றேன்னு காலையில போன்ல சொன்னப்பவே கடைக்காரர் வீட்டுக்கு வழி கேட்டாரு, சொன்னேன். நாலு ஆளை அனுப்பியிருக்காரு. அவங்களே தோண்டுறாங்க" என்றான் அவன் சந்தோஷமாக.

"பாப்பா எங்கே?"

"அவங்கள்ல ஒருத்தர் தூக்கி வச்சிருக்காரு. அழவே இல்ல."