துடைத்த இரண்டு விநாடி

பழைய பாட்டுத் தொகுப்பின் முப்பதாம் ஆண்டு மறுபதிப்புக்கான சோதனை இசைத்தட்டு வெயில் பட்டுப் பளபளத்துச் சுழல்கிறது. அக்கா முள்ளைத் தூக்கி, மூன்றாம் பாட்டுக்குச் சற்று முன்னால் மறுபடி வைக்கிறாள். அன்று இதில் கூடப் பாடிய தங்கை கதவோரம் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று பல வருடமாகிறது. “இங்க ஒரு குரல் இருந்துச்சே, எங்க?” என்கிறாள் அக்கா. “இரைச்சல்னு நினைச்சுத் துடைச்சுட்டேன் மேடம்,” என்கிறார் ஒலிப்பொறியாளர். “இரைச்சலா? தனித்தனி அறையில நின்னு பாடறப்ப இவ பயந்துபோய்க் கேட்டதுய்யா அது!” மறுபடி முள். இரண்டு விநாடி சுத்தமான மௌனம். ஜிப் சத்தமும் நிற்கிறது. “அக்கா, இருக்கியா?” கதவைப் பார்த்தபடியே கேட்கிறாள் தங்கை, அன்றைக்குக் கேட்ட அதே இரண்டு விநாடி இடைவெளியில். அக்கா வாயைத் திறக்கிறாள். அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிடுகிறது.