மாப்பிள்ளை கேட்ட வண்டி

புது வண்டிக்குள் எட்டிப் பார்த்த திவ்யாவின் முகம் செத்துப்போனது. கியருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அங்கே இல்லை.

"அப்பா, சின்ன லீவர் எங்க? இது ஃபோர் வீல் டிரைவ் இல்லப்பா!"

திருவேற்காட்டுக் கல்யாண மண்டப வாசல். ரிப்பன் கட்டிய வண்டியைச் சுற்றி நின்று சொந்தக்காரர்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரம் மகளை ஓரமாக இழுத்துப்போனார்.

"மெதுவா பேசு கண்ணு. நாலு சக்கரமும் இழுக்கும்னுதான ஷோரூம்ல சொன்னான்?"

"அது ஆல் வீல் டிரைவ்ப்பா. சக்கரம் வழுக்கினா வண்டியே பார்த்து நாலுக்கும் இழுவையைப் பிரிச்சுக் குடுக்கும். மழை, ஈர ரோடுன்னா அது போதும். உங்க மாப்பிள்ளை கேட்டது ஃபோர் வீல். லீவரை நாமளே போடணும். போட்டா முன் சக்கரமும் பின் சக்கரமும் பூட்டின மாதிரி ஒண்ணா சுத்தும். பாறையா இருந்தாலும் ஏறும்."

"நம்ம ரோட்டுப் பள்ளத்துக்கு இதுவே ஜாஸ்தி. பாறைக்கு எங்க போறது?"

"விளையாடாதீங்கப்பா. அவர் மலை மலையா சுத்தற ஆளு. இதைப் பார்த்தா ரிசப்ஷனுக்கே வர மாட்டாரு." கண்ணீர் மையைக் கரைத்துக்கொண்டு இறங்கியது.

ஏகாம்பரம் மணமகன் அறை இருந்த மாடியை அண்ணாந்து பார்த்தார். மாப்பிள்ளை போனில் கேட்டதாகத் திவ்யா அழுதுகொண்டு வந்து சொன்ன மறுநாளே, அயனம்பாக்கம் ஏரியோரம் மிச்சமிருந்த ஒரே நிலத்தை விற்றிருந்தார். இனி விற்க, குடியிருக்கும் வீடுதான் இருந்தது.

திவ்யாவின் அண்ணன் தினேஷ் தன் பைக்கில் சாய்ந்தபடி சிரித்தான். "ஊடு ஒண்ணு பாக்கி கீதுப்பா. அதையும் குடுத்துட்டு ஏரிக்குள்ள பாய் போட்டுப் படுத்துக்கலாம்."

"வாய மூட்றா!" என்றவர், மாடிப்படியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

"நீங்க போவாதீங்கப்பா. நானே அவர்கிட்ட பேசிக்கிறேன்!" திவ்யா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். அவர் நிற்கவில்லை.

மணமகன் அறையில் ராகவன் கோட்டுக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தான். ஏகாம்பரம் உள்ளே போன வேகத்தில் அவன் காலில் விழுந்தார்.

"மாப்ள, தப்பு நடந்துபோச்சு. வாங்கினது ஆல் வீலாம். எனக்கு இன்னா தெரியும்? ஊட்ட வித்தாவது நீங்க கேட்ட வண்டிய மாத்திக் குடுத்துடறேன். கல்யாணத்த மட்டும் நிறுத்திடாதீங்க."

ராகவன் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். "ஐயோ, எழுந்திருங்க மாமா! எந்த வண்டி? வாசல்ல நிக்குதே, அதுவா? அது திவ்யாவோடதுன்னுல்ல சொன்னா?"

"இல்ல மாப்ள... நீங்க மலைக்கெல்லாம் போவீங்கன்னு..."

"நானா? திருப்பதி பஸ்லயே வாந்தி எடுக்கிற ஆளு மாமா நான். எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாது."

ஏகாம்பரம் முட்டி போட்ட நிலையிலேயே திரும்பினார். கதவோரம் திவ்யா நின்றிருந்தாள். அழுகை நின்றிருந்தது. கலைந்த மையைப் புடவைத் தலைப்பால் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீயா கேட்ட?" ஏகாம்பரம் மகளைப் பார்த்துக் கேட்டார். "பெத்த அப்பன இவரு கால்ல உழ வெச்சிட்டியேம்மா... ஏன்?"

திவ்யா தலை குனியவில்லை.

"எனக்குன்னு கேட்டிருந்தா, நிலத்த வித்திருப்பீங்களாப்பா?"