விளக்கில்லாத கப்பல்

லண்டன் ஹவுன்ஸ்லோ வீட்டின் வரவேற்பறையில் பின்னேரமே இருட்டிவிட்டது. தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் மட்டும் சிவகௌரியின் முகத்தில் அசைகிறது. கணவன் யனுஷன் புதிதாய் வாங்கிய விண்வெளி விளையாட்டில் இருவரும் ரோந்துக் கப்பல் ஒன்றை ஓட்டுகிறார்கள். சுக்கான் அவனிடம், பீரங்கி அவளிடம். கொள்ளையரைத் தேடிப் போகையில், கறுத்த வெளியில் விளக்கில்லாத கப்பலொன்று மெல்ல நகர்கிறது. "கள்ளர்தான், அடியும் கௌரி!" என்கிறான். அவளுடைய விரல் பொத்தானில் பட்டபடி நிற்கிறது. கூரைக்கு மேலே தாழப் பறக்கும் விமானத்தின் இரைச்சலில் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "பொறுங்கோ, உள்ளுக்கை ஆக்கள் இருக்கினம்." "லைட் போடாமல் வாறது வேற ஆர்?" "சண்டைக்குள்ள ராமேஸ்வரத்துக்கு அகதியாய்ப் போகேக்கை எங்கட போட்டும் லைட் போடாமல்தான் போனது," என்கிறாள். அடுத்த கணம் அந்தக் கப்பலின் சாளரமொன்றில் சின்ன வெளிச்சம் தோன்றுகிறது; பயணிகள் கப்பல், சுட வேண்டாம் என்று திரையில் எழுத்து ஓடுகிறது. "நல்லகாலம், பிழையான கப்பல்!" என்று சிரித்தபடி திரும்பிய யனுஷனின் சிரிப்பு அப்படியே நின்றுபோகிறது. அவள் இடது கையால் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டு, மூச்சுவிடாமல் திரையைப் பார்த்தபடி இருக்கிறாள். கடற்படையின் தேடுவிளக்கு தண்ணீரைத் துழாவிய அந்த இரவில், படகுக்குள் ஆறு வயதுக்காரியாயிருந்த அவள் அழுதுவிடாதிருக்க அம்மா அவளுடைய வாயைப் பொத்தியதும் இப்படித்தான்.