கூடாரம் இல்லாத காசா

மாடியில் கரண்டில் ஒரு ஃபேஸ் போய்விட்டதால், அங்கே குடியிருக்கும் மோகன்குமார் எங்கள் கூடத்தில் மடிக்கணினியை வைத்துப் போர் விளையாட்டு ஆடுகிறான். அறுபத்தேழாம் வருடத்து அரபு-இஸ்ரேல் யுத்தம். "இந்தத் தடவ எகிப்து முந்திக்கிச்சு, ஐயா! நீங்க எந்தப் பக்கம்?" என்கிறான். "எங்க வீடு எந்தப் பக்கமும் இல்ல. எங்க அண்ணன் காசாவுல ஐ.நா. அமைதிப் படையில காவலுக்குப் போனவர்," என்கிறேன். சுவரில் நீலத் தொப்பியோடு அண்ணன் சிரிக்கிறார். ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்திருந்தபோது அந்த யுத்தம் மூண்டு, அவர் கூடாரத்தில் குண்டு விழுந்தது. அந்த மண்ணிலேயே புதைத்துவிட்டார்கள். வெளியே சிப்காட் ஷிப்ட் பஸ் ஆட்களை இறக்கிவிட்டு உறுமுகிறது. திரையின் மணல் நிற வெளிச்சம் அண்ணி சாந்தம்மாவின் வெறும் நெற்றியில் விழுகிறது. அவர் கையிலிருக்கும் காபித் தம்ளரில் ஆடை படிகிறது. எகிப்து ஜெயித்தும் காசா என்று எழுதிய இடத்தில் புகை எழும்புகிறது. "இன்னொரு தடவ ஆடுப்பா," என்கிறார் அண்ணி. மோகன்குமார் என்னைப் பார்க்கிறான். அந்நியர் முன்னால் எங்கள் வீட்டில் யாரும் கலங்குவதில்லை. நான் முதுகை நிமிர்த்தித் தலையசைக்கிறேன். "யாரு ஜெயிச்சாலும் சரி. மொதல்ல நம்மாளுங்க கூடாரத்தப் பிரிச்சுட்டுக் கெளம்பட்டும்," என்கிறார் அண்ணி. அவன் வரைபடத்தைப் பெரிதாக்கித் தேடுகிறான். "இதுல அந்தக் கூடாரமே இல்லையேம்மா." அண்ணி தம்ளரைக் கீழே வைக்கிறார். "அப்ப கெளம்பிட்டாரு," என்று சொல்லி, வாசல் விளக்கைப் போடப் போகிறார். நான் தடுக்கவில்லை.