எட்டாவது ஒயர்

மேசைமேல் கையளவு மாடல் கார் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதன் எட்டு சிலிண்டர் எஞ்சினில் எட்டுச் சிவப்பு ஒயர்கள் வரைய வேண்டும். ஏழு முடிந்தபோது, கிழட்டுத் தூரிகையின் தலையில் ஒரே ஒரு முடிதான் மிஞ்சியிருந்தது.

"போதும்ணே," என்றது பசைக்குழாய். "பானெட்டை ஒட்டிட்டா எந்த எறும்பு உள்ளே போய் எண்ணப்போகுது? எனக்கு வாய் காயுது."

"ஊரே இந்தக் காரை எட்டு சிலிண்டர்க்காரன்னு கூப்பிடும்," என்றது தூரிகை. "ஏழோட மூடினா நான் எப்படிடா கூப்பிடுவேன்?"

"அந்த ஒரு முடியும் போனா நீங்க வெறும் குச்சிண்ணே."

"குச்சியானா ஆகட்டும்."

தூரிகை சிவப்பு பெயிண்டில் முங்கி எழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினின் ஓரத்திலிருந்து மெல்லக் கோடு இழுத்தது. பாதியில் முடி கழன்று, சிவப்பு ஈரத்தோடு அங்கேயே படுத்துவிட்டது. பார்வைக்கு அசல் ஒயரேதான். ஆனால் ஒரு முனை மட்டும் ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நின்றது.

பசைக்குழாய் பானெட்டுக்கென்று வைத்திருந்த முதல் சொட்டை அந்த முனைக்கு அடியில் வைத்தது.

"இப்ப எண்ணுங்கண்ணே."

ஒன்றிலிருந்து தொடங்கி, விரல்விட்டு எண்ணுவதுபோல் நிதானமாக எண்ணி, "எட்டு," என்றது குச்சி.

அதன் பிறகுதான் பானெட் மூடியது.