பிஸ்கட் டப்பாவில் இருபத்தேழு வாக்குகள்

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டே காலுக்கு, ஹேசல்ஃபோர்டு யூத ஜெப ஆலயத்தின் வாக்குப் பெட்டி திருடு போனது.

பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மூடியில் துளை போட்ட ஒரு நீல நிற பிஸ்கட் டப்பா. அதற்குள் இருபத்தேழு சீட்டுகள். சபையில் இருப்பதே இருபத்தேழு பேர்தான். ஜெப ஆலயக் கட்டடத்தை விற்கலாமா, வேண்டாமா என்று ரகசியமாக எழுதிப் போட்டுவிட்டு, எல்லோரும் பேகல் ரொட்டியும் ஹெர்ரிங் மீனும் சாப்பிடக் கீழ்த்தளத்துக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தால் மேஜை மேல் டப்பாவைக் காணோம்.

மோர்ட்டி லாப்கினையும் காணோம்.

"அந்தக் கிழம்தான்! வேற யாரு?" என்று குதித்தார் பொருளாளர் எர்வின். "போலீஸைக் கூப்பிடுங்க!"

"கூப்பிட்டு என்னன்னு சொல்றது? பிஸ்கட் டப்பாவைக் காணோம்னா?" என்றார் சபைத் தலைவி ஃபிலிஸ் ஜால்கின். "எல்லாரும் இங்கேயே இருங்க. நான் போய்ப் பேசிட்டு வரேன்."

சந்தேகப்படக் காரணம் இருந்தது. கட்டடத்துக்கு வயது தொண்ணூறு. கூரை ஒழுகியது. கட்டடத்தைச் சூடாக்கும் பாய்லர் நினைத்தால் எரியும், இல்லாவிட்டால் இல்லை. குளிர்காலத்தில் கோட்டு, கையுறை, கம்பளித் தொப்பியோடுதான் ஜெபம். இந்த நேரத்தில், சுவர் ஏறும் விளையாட்டுக் கூடம் நடத்தும் ஒரு கம்பெனி, உயரமான உட்கூரையைப் பார்த்து மயங்கி, நல்ல விலை சொல்லியிருந்தது. அந்தப் பணம் வந்தால் மதகுருவான ரபியின் சம்பளம், கல்லறைத் தோட்டப் பராமரிப்பு, நூலகத்தில் ஜெபத்துக்கு ஒரு வாடகை அறை என்று சபைக்கு ஆயுசுக்கும் கவலை இல்லை. வராவிட்டால், இரண்டு குளிர்காலம் தாண்டினால் அதிசயம்.

ஐந்து கூட்டங்களில் இருபத்தாறு பேரும் எழுந்து நின்று 'விற்றே ஆக வேண்டும்' என்றார்கள். மோர்ட்டி ஒருவர்தான் தடியால் தரையைத் தட்டினார்.

"எங்கப்பா கல்லு சுமந்து கட்டின இடம்யா இது! கண்டவனும் குரங்கு மாதிரி சுவர் ஏறணுமா? முதல்ல என் மேல ஏறிட்டு அப்புறம் சுவர்ல ஏறச் சொல்லு!"

ஃபிலிஸ் காரை நிறுத்தி இறங்கியபோது மோர்ட்டியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. சமையலறை மேஜையில் டப்பா. மூடி தனியே கிடந்தது. சீட்டுகள் பரவிக் கிடந்தன.

"வா ஃபிலிஸ். டீ போடட்டுமா?"

"வாக்குப் பெட்டியைத் திருடறது குற்றம், மோர்ட்டி. எண்பத்திரண்டு வயசுல ஜெயிலுக்குப் போகணுமா உனக்கு?"

"போனா என்ன? அங்க பாய்லராவது ஒழுங்கா எரியும்."

"தோத்துடுவோம்னு தெரிஞ்சதும் தூக்கிட்டு ஓடி வந்துட்டே. அதானே?"

மோர்ட்டி சீட்டுகளை அவர் பக்கம் தள்ளினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"என் சீட்டை மட்டும் திருப்பி எடுத்துக்கலாம்னு பார்த்தேன். எழுதிப் போட்டதுலேர்ந்து மனசே சரியில்ல. தேடறப்போ மத்ததெல்லாம் கண்ணுல பட்டுடுச்சு. நீயே எண்ணிப் பாரேன்."

ஃபிலிஸ் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். அடுப்பில் கெட்டில் கூவிக்கொண்டே இருந்தது, இருவரும் எழுந்திருக்கவில்லை. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியையாக இருந்தவரின் முகம் சிவந்துபோயிற்று.

"கையெழுத்தை வெச்சே யாரு எதை எழுதினாங்கன்னு கண்டுபிடிச்சிடுவாங்க, மோர்ட்டி. சின்ன ஊரு. அப்புறம் ஒருத்தர் மூஞ்சியில ஒருத்தர் முழிக்க முடியாது."

"அதுக்கு?"

ஃபிலிஸ் ஒரு தாளில் இரண்டு எண்களைக் குறித்துக்கொண்டார். சீட்டுகளை வாரி எடுத்து, ஹாலில் எரிந்துகொண்டிருந்த கணப்பில் போட்டார். இருவரும் நின்று, கடைசிச் சீட்டும் கருகுகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கோட்டைப் போட்டுக்கோ, கிளம்பு. சாட்சிக்கு நீ வேணும்" என்றார் ஃபிலிஸ்.

ஜெப ஆலயத்தில் ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. ஃபிலிஸ் மேடையேறித் தொண்டையைச் செருமினார்.

"சீட்டெல்லாம் பத்திரமா கிடைச்சுது. நானும் மோர்ட்டியும் சேர்ந்து எண்ணினோம். விற்கலாம், இருபத்தாறு. வேண்டாம், ஒண்ணு."

கைதட்டல் வரவில்லை. எல்லோரும் அவரவர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மோர்ட்டியை யாரும் திட்டவும் இல்லை. எர்வின்தான் அவருடைய முழங்கையைப் பிடித்துக் கோட்டு மாட்டும் அறைக்குள் இழுத்துப் போனார்.

"உன்னைத் திருடன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுடு" என்றவரின் கண் கலங்கியிருந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா. அந்த ஒரே ஒரு 'வேண்டாம்' நான் எழுதினதுதான். எல்லாரும் எப்படியும் விற்கலாம்னு எழுதத்தான் போறாங்க, செத்துப்போன அப்பா அம்மாவுக்காக நான் ஒருத்தன் மட்டும் மாத்தி எழுதினா என்ன ஆயிடப் போகுதுன்னு... ஆனா நீயே 'விற்கலாம்'னு எழுதியிருக்கே பாரு! பெரிய மனசுய்யா உனக்கு."

"முட்டி வலிக்குதுய்யா. இருபது வருஷமா அந்தப் பாய்லருக்குப் படி இறங்கறவன் நான்தானே?" என்று மோர்ட்டி அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகும் நாளுக்குள், இன்னும் இருபத்துநான்கு பேர் மோர்ட்டியைத் தனித்தனியாகச் சந்தித்து, அந்த ஒரே ஒரு 'வேண்டாம்' தங்களுடையதுதான் என்று அழுதுவிட்டுப் போனார்கள்.

ஃபிலிஸ் மட்டும் வரவில்லை. அவர் எழுதியிருந்ததும் 'வேண்டாம்'தான் என்றாலும், மேடையில் அந்த இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் படித்தவர் அவர்தானே!