தூங்கக் கூடாத பெட்டி

"இதைவிடச் சத்தமா ஏதாவது இருக்காம்மா?"

தன் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று தொமோயேவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

ஒசாகாவின் நிப்பொன்பாஷித் தெருவில், அந்தக் கம்ப்யூட்டர் உதிரிபாகக் கடையில் அவள் வருடக்கணக்காக நிற்கிறாள். படமும் பாட்டும் சேர்த்து வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் கம்ப்யூட்டர் அமைத்துக்கொள்ள வருகிறவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். ஆனால் எல்லோரும் மறக்காமல் சொல்வது ஒன்றுதான். சத்தம் வரக் கூடாது.

இவாசே என்ற இந்தப் பெரியவர் தலைகீழாகக் கேட்டார்.

அவள் தன் கடமையில் குறை வைக்கவில்லை. சுற்றும் பாகமே இல்லாததால் ஓசையே எழுப்பாத எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தை எடுத்து வைத்தாள். வேண்டாம் என்றார். மெதுவாகச் சுற்றும் ஹார்ட் டிஸ்க்கும் வேண்டாமாம். உள்ளே பஞ்சு ஒட்டிய கனத்த பெட்டியைக் காட்டியபோது, கெட்டுப்போன மீனைக் கண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். தட்டினால் அதிரும் மெல்லிய தகரப் பெட்டியைத்தான் தேர்ந்தெடுத்தார்.

வேறு வழியில்லாமல் பழைய சரக்கிலிருந்து சில ஹார்ட் டிஸ்க்குகளை எடுத்து ஓடவிட்டாள். பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் அருகிலும் காதைக் கொண்டுபோய்க் கேட்டார். ஒன்று கரகரவென்று முனகியது.

"இதுதான். இதே மாதிரிதான் இருக்கும்."

"ஐயா, இது ரொம்ப நாள் தாங்காது. உள்ள வெக்கறதெல்லாம் போயிடும்."

"உள்ள எதுவும் வெக்கப் போறதில்லம்மா."

தொமோயே எல்லாவற்றையும் பெட்டிக்குள் பொருத்திக் கொடுத்தாள். அவர் குனிந்து வணங்கிவிட்டுப் போனதும், முதலாளி இசோபே உள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"சத்தத்துக்கு ஆசைப்பட்டா ஒரு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாமே. துணியாவது வெளுத்திருக்கும்."

தொமோயேவும் சிரித்தாள். கையில் காசு இருந்தால் கிறுக்குக்குக் குறைவா என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே பெரியவர் திரும்பி வந்தார். பெட்டியைத் துணியில் மூட்டையாகக் கட்டி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சத்தம் நின்னு நின்னு போகுதும்மா."

அது கோளாறு இல்லை என்று தொமோயே விளக்கினாள். கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால் டிஸ்க் சுற்றுவதை நிறுத்திவிட்டுத் தூங்கும். கரன்ட் மிச்சம்.

"தூங்கக் கூடாது."

இசோபேயால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரங்க மேல ஏதாவது கோபமாய்யா?"

பெரியவர் கோபப்படவில்லை. தொந்தரவு கொடுப்பதற்கு மன்னிக்கச் சொல்லித் தலையைத் தாழ்த்தினார்.

"என் மகன் இப்படி ஒரு பெட்டியை அவனே தயார் பண்ணி ரூமுக்குள்ள வெச்சிருந்தான். பல வருஷமா அவன் வெளியவே வரலை. யாரோடயும் பேசவும் மாட்டான். என் வீட்டுக்காரி கதவுகிட்ட சாப்பாட்டை வெச்சிட்டு, இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் நகருவா. சத்தம் கேட்டா பிள்ளை இருக்கான்னு அர்த்தம்."

பெரியவர் பெட்டியின்மேல் கையை வைத்தார்.

"போன மழைக்காலத்துல போயிட்டான்மா. கொஞ்ச நாள்ல அவன் பெட்டியும் நின்னுபோச்சு."

இசோபே கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைச் சத்தமில்லாமல் மேஜைமேல் வைத்தார்.

"அவளுக்கு இப்ப எதுவும் ஞாபகத்துல நிக்கறதில்லை. இன்னமும் வேளாவேளைக்குச் சோறு கொண்டுபோய் வெக்கறா. அவ அந்தப் பக்கம் போனதும் நான் சாப்பிட்டுட்டு, தட்டைத் திரும்ப அங்கயே வெச்சிடுவேன்."

தொமோயேவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. பெட்டியைத் திரையோடு இணைத்து, தூங்கும் ஏற்பாட்டை அடியோடு நிறுத்தினாள். சும்மா இருக்கும்போதும் டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொண்டே இருக்கும்படி செய்துவைத்தாள். கரகரவென்ற முனகல் எழுந்தது. பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"இனிமே நிக்காதுங்கய்யா. அப்படி நின்னா எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க, நானே வீட்டுக்கு வர்றேன்."

அவர் மூட்டையைக் கட்டிக்கொண்டார். வாசல்வரை போனவர் அங்கேயே நின்றார்.

"சத்தம் நின்னா, பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட ஓடி வர்றா. நான்தான் சொல்லணும். ஒவ்வொரு தடவையும் அவளுக்கு அன்னிக்குத்தாம்மா பிள்ளை சாகறான்."